நோயுற்ற பறவை எப்படிக் கண்டம் தாண்டும்?

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் வாளையார் சோதனைச் சாவடியில் கால்நடைத் துறையினர் வந்து நின்றுவிடுவார்கள். கோழியும் வாத்தும் முட்டையும் ஏற்றிவரும் லாரிகளைத் திருப்பி அனுப்புவார்கள். மற்ற வண்டிகளின் சக்கரங்களில் கிருமிநாசினி தெளிப்பார்கள். நாமக்கல் பண்ணையாளர்களுக்கு முட்டை விலை பற்றிய கவலை தொடங்கிவிடும். நமக்குப் பழகிப்போன காட்சிதான் இது. ஆனாலும் பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. லாரியை நிறுத்திவிடலாம், தலைக்கு மேலே பறந்துபோகும் வாத்துக் கூட்டத்தை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்குள் இன்னொரு புதிரும் இருக்கிறது. பண்ணைக் கோழிகளுக்கு இந்த நோய் கண்டால் சில நாட்களிலேயே கொட்டகை காலியாகிவிடுகிறது. இவ்வளவு கொடிய நோயைச் சுமந்துகொண்டு ஒரு பறவை மலையையும் கடலையும் எப்படித் தாண்டும்? நோய் முற்றிய பறவையால் பறக்க முடியாது; நெடுந்தூரம் பறக்கும் பறவைக்கு நோய் இருக்க வாய்ப்பில்லை. 2005 வாக்கில் ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதே காரணத்தைச் சொல்லி, காட்டுப் பறவைகள் மீது பழி போடக் கூடாது என்று வாதிட்டார்கள். அது நியாயமான வாதம். அதற்கான விடையைத் தேடிப் போனபோதுதான் இந்த நோய் உண்மையில் எப்படிப் பயணம் செய்கிறது என்பது விளங்கியது.

வாத்தின் குடலில் வாழும் வைரஸ்

இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமக்ளூட்டினின் என்பது உயிரணுவைப் பற்றி உள்ளே நுழைய உதவுகிறது. நியூராமினிடேஸ் என்பது, உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் அந்த உயிரணுவை விட்டு வெளியேற உதவுகிறது. பறவைகளிடம் முதல் புரதத்தில் 16 வகைகளும் இரண்டாவதில் 9 வகைகளும் நெடுநாளாக அறியப்பட்டவை. எச்5என்1 என்றால் முதல் புரதத்தில் ஐந்தாம் வகை, இரண்டாவதில் முதலாம் வகை என்று பொருள்.

கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு நோயை இத்தாலியில் எதோர்தோ பெரோன்சிதோ 1878-இலேயே விவரித்திருந்தார். அதுவும் இன்ஃப்ளுயன்சாதான் என்று ஜெர்மனியின் வெர்னர் ஷேஃபர் 1955-இல் கண்டறிந்தார். 1961-இல் தென்னாப்பிரிக்காவில் ஆலாக்கள் ஏராளமாக இறந்தபோது அவற்றிடம் எச்5 வகை வைரஸ் கிடைத்தது. 1960-களின் பிற்பகுதியில் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இரு வைரஸ் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கடற்கரையில் இறந்து ஒதுங்கியிருந்த கடற்பறவைகளைப் பார்த்து, இவையும் இன்ஃப்ளுயன்சாவால்தான் இறந்தனவோ என்று ஐயப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கிரேட் பாரியர் ரீஃப் தீவுகளில் கடற்பறவைகளிடம் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். எந்த நோயும் இல்லாத பறவைகளிடம் இன்ஃப்ளுயன்சா வைரஸ் இருந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளின் ஆய்வுகள் ஒரு பொதுச் சித்திரத்தைத் தந்தன. காட்டு வாத்துகள், கடற்காகங்கள், உள்ளான்கள் போன்ற நீர்ப்பறவைகளே இந்த வைரஸின் இயற்கையான இருப்பிடம். வாத்துகளில் அது பெரும்பாலும் குடலில் பெருகுகிறது. வாத்துக்குப் பெரிய தொல்லை ஏதும் இல்லை. இரை தேடும், நீந்தும், பறக்கும். எச்சத்தோடு வைரஸ் நீரில் கலக்கும். அந்த நீரைக் குடிக்கும் அடுத்த பறவைக்குத் தொற்றும். வாத்தின் எச்சத்தில் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு மாதமும், 20 டிகிரியில் ஒரு வாரமும் வைரஸ் தொற்றும் திறனோடு இருந்ததை வெப்ஸ்டர் குழு 1978-இல் காட்டியது. வடபுலத்துக் குளிர்ந்த ஏரிகள் இந்த வைரஸுக்கு எவ்வளவு வசதியானவை என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சாது எப்படிக் கொலையாளியானது

வாத்துக்குத் தீங்கு செய்யாத வைரஸ் கோழியைக் கொல்லும் வைரஸாக மாறுவது எப்படி? விடை ஹீமக்ளூட்டினினில் இருக்கிறது. அந்தப் புரதம் உருவாகும்போது ஒரே துண்டாக இருக்கும். குறிப்பிட்ட ஓரிடத்தில் அது இரண்டாக வெட்டுப்பட்ட பிறகுதான் வைரஸால் அடுத்த உயிரணுவுக்குள் புக முடியும். வெட்டுவதற்கான நொதி வைரஸிடம் கிடையாது. பறவையின் உடல்தான் அதைத் தர வேண்டும். குறைவீரிய வைரஸ்களை வெட்டக்கூடிய நொதிகள் குடலிலும் மூச்சுப்பாதையிலும் மட்டுமே இருப்பதால், தொற்று அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது.

எச்5, எச்7 வகைகளில் மட்டும் சில வேளைகளில் அந்த வெட்டிடத்தில் கூடுதல் அமினோ அமிலங்கள் சேர்ந்துவிடுகின்றன. அப்போது ஃபியூரின் என்ற நொதியாலும் அதை வெட்ட முடிகிறது. ஃபியூரின் மூளை, இதயம், நுரையீரல், கல்லீரல் என்று உடல் முழுவதும் இருப்பது. ஆகவே வைரஸும் உடல் முழுவதும் பரவுகிறது. இதுதான் உயர்வீரிய வைரஸ்.

இந்த மாற்றம் நிகழ்ந்ததாகப் பதிவான இடங்கள் பெரும்பாலும் கோழி, வாத்து, வான்கோழிப் பண்ணைகள்தான். காரணம் எளிது. பரந்த ஏரியில், தான் தங்கியிருக்கும் பறவையை உடனே கொன்றுவிடும் வைரஸ் அடுத்த பறவையை அடையாமலே அழிந்துபோகக்கூடும். பல்லாயிரம் கோழிகள் ஒரே கூரையின் கீழ் நெருங்கி நிற்கும் கொட்டகையில் அந்தத் தடை இல்லை. ஒரு கோழி சாவதற்குள் பக்கத்துக் கோழிக்குத் தொற்றிவிடும். வீரியத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த இயற்கையின் பிடி அங்கே தளர்ந்துவிடுகிறது.

இன்று உலகைச் சுற்றிவரும் எச்5 வைரஸ்களின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்துகளிடம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் 18 மனிதர்களுக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அந்நகரின் பண்ணைகளிலும் சந்தைகளிலும் இருந்த கோழிகள் அத்தனையும் கொல்லப்பட்டன. அதோடு முடிந்தது என்று உலகம் நம்பியது. வைரஸின் உறவுக் கிளைகள் தென்சீனத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டிருந்தன.

சிங்ஹாய் ஏரி, 2005

திபெத்திய பீடபூமியின் வடகிழக்கில், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உள்ள உப்பு ஏரி சிங்ஹாய். 2005 மே மாதத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு தள்ளாடி விழுந்து இறக்கத் தொடங்கின. சில வாரங்களில் பல இனங்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. உலகிலிருந்த வரித்தலை வாத்துகளில் 5 முதல் 10 விழுக்காடு வரை அந்த ஓர் ஏரியில் அழிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பண்ணையில் வீரியம் பெற்ற வைரஸ் காட்டுப் பறவைகளிடம் திரும்பிவந்து இவ்வளவு பெரிய அழிவை உண்டாக்கியது அதுவே முதல் முறை.

அந்த ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அதே கிளையைச் சேர்ந்த வைரஸ் சைபீரியா, கஜகஸ்தான், துருக்கி, ருமேனியா என்று மேற்கு நோக்கி நகர்ந்தது. 2006 தொடக்கத்தில் கருங்கடல் வட்டாரத்தைக் கடுங்குளிர் தாக்கியது. நீர்நிலைகள் உறைந்ததும் அன்னங்கள் உறையாத நீரைத் தேடி மேற்கே போயின. அவற்றோடு நோயும் ஐரோப்பாவுக்குள் போனது. நீர் உறையும் எல்லைக்கோட்டின் ஓரமாகவே நோய்ப் பதிவுகள் குவிந்திருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் வரைபடத்தில் காட்டினார்கள்.

புதிருக்கு விடை

நோயுற்ற பறவை பறக்குமா என்ற கேள்விக்கு இனி வரலாம். எல்லாப் பறவைகளுக்கும் நோய் ஒரே மாதிரி வருவதில்லை என்பது விடையின் முதல் பகுதி. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல இனக் காட்டு வாத்துகளுக்கு எச்5என்1 வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். சில இனங்கள் கடுமையாக நோயுற்றன. மல்லார்டு என்ற இனமோ நோயின் அறிகுறியே இல்லாமல் ஏராளமான வைரஸை வெளியேற்றியது. அன்னம் செத்துக் கரையொதுங்கி நம் கண்ணில் படுகிறது. அதே ஏரியில் மல்லார்டு ஆரோக்கியமாக நீந்திக்கொண்டிருக்கிறது.

காலக் கணக்கு இரண்டாவது பகுதி. தொற்றிய பறவை வைரஸை வெளியேற்றுவது சில நாட்கள்தான். வலசைப் பறவையும் ஆண்டு முழுவதும் பறந்துகொண்டிருப்பதில்லை. சில நாள் நெடும்பயணம், பிறகு ஏதாவதோர் ஏரியில் பல நாள் அல்லது பல வாரத் தங்கல். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் 19 இனங்களைச் சேர்ந்த 228 பறவைகளைச் செயற்கைக்கோள் வழியே தொடர்ந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. தொற்று இருக்கும் சில நாட்களுக்குள் ஒரு பறவை அதிகபட்சம் 2,900 கிலோமீட்டர் வரை வைரஸைக் கொண்டுபோக முடியும் என்று அது காட்டியது. ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும் வாய்ப்பு ஒரு பறவைக்கு ஆண்டில் சராசரியாக 5 முதல் 15 நாட்கள்தான். தொற்று பயணத்தைத் தள்ளிப்போடவும் செய்யும். குறைவீரிய வைரஸ் தொற்றிய அன்னங்கள்கூட மற்றவற்றைவிட ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பியதை 2007-இல் வந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

ஆக, தனியொரு பறவை நோயைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்துபோவது அரிது. நோயோ கண்டம் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாவது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஒரு பொட்டலத்தை டவுன் பஸ்களிலேயே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எந்த டவுன் பஸ்ஸும் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இறங்குபவர் அடுத்த ஊருக்கு ஏறுபவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே போனால், ஒருவர்கூட சென்னை வரை போகாமலே பொட்டலம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதில் பயணத்தைத் தீர்மானிப்பவை பேருந்து நிலையங்கள். வைரஸுக்கு அந்த நிலையங்கள் ஏரிகளும் சதுப்பு நிலங்களும்தான்.

வலசைப் பறவைகள் வழியில் இறங்கி இளைப்பாறி இரையெடுக்கும் நீர்நிலையை இடைத்தங்கல் ஏரி எனலாம். வடக்கிலிருந்து வரும் கூட்டமும் கிழக்கிலிருந்து வரும் கூட்டமும் அங்கே ஒரே நீரைக் குடிக்கின்றன. கோடை முடிந்து தெற்கே கிளம்பும்போது, அந்த ஆண்டு பொரித்த, இந்த வைரஸை முன்பு சந்தித்திராத இளம் பறவைகள் பெருமளவில் கூட்டத்தில் இருக்கும். காட்டு வாத்துகளில் இலையுதிர் காலத்தில் தொற்று உச்சத்தைத் தொடுவதற்கு இது முக்கியக் காரணம். வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரே வாத்துக்கு இரண்டு வகை வைரஸ்கள் ஒரே நேரத்தில் தொற்றினால், துண்டுகள் கலந்து புதிய வைரஸ் பிறக்கலாம். இதை மறுசேர்க்கை என்கிறோம். எனவே இடைத்தங்கல் ஏரியில் நோய் கைமாறுவதோடு நிற்பதில்லை. அங்கே அது பெருகுகிறது, சில வேளை உருவமும் மாறுகிறது.

உலகின் வலசைத்தடங்கள் தெற்கே பிரிந்து பிரிந்து கிடந்தாலும் வடதுருவத்தை ஒட்டிய இனப்பெருக்க நிலங்களில் ஒன்றோடொன்று கலக்கின்றன. 2014-இன் தொடக்கத்தில் தென்கொரியாவில் பரவிய எச்5என்8 அந்த ஆண்டின் இறுதிக்குள் மேற்கே ஐரோப்பாவையும் கிழக்கே வட அமெரிக்காவையும் எட்டியதற்கு இதுவே விளக்கம். கொரியாவிலிருந்து கோடைக்கு வடக்கே போன பறவைகள் அங்கே கைமாற்றின. குளிருக்குத் தெற்கே இறங்கிய பறவைகள் இரு திசைகளிலும் கொண்டுபோயின. 2015-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் இறந்தன அல்லது கொல்லப்பட்டன.

எப்படித் தெரிந்துகொண்டோம்

முதல் கருவி காலில் மாட்டும் வளையம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. அக்கழகம் சலீம் அலியின் தலைமையில் 1950-களின் இறுதியில் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியபோது உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்தது. வலசைப் பறவைகள் வைரஸ்களைக் கொண்டுவருகின்றனவா என்பதே அப்போதும் கேள்வி.

இரண்டாவது, பறவையின் முதுகில் பொருத்தும் சிறு செயற்கைக்கோள் கருவி. சிங்ஹாயில் கருவி பொருத்திய வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க லாசா அருகிலுள்ள ஈரநிலங்களுக்குப் போனது தெரியவந்தது. லாசா வட்டாரத்தில் வளர்ப்புப் பறவைகளிடமும் நோய் தோன்றியிருந்தது. பண்ணையும் காட்டுப் பறவையும் சந்திக்கும் புள்ளி ஒன்று இப்படி வரைபடத்தில் தெளிந்தது.

மூன்றாவதே மிக வலுவான கருவி, மரபு வரிசை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் சிறு பிழைகள் நேர்கின்றன. அவை ஏறக்குறைய சீரான வேகத்தில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு ஊர்களில் கிடைத்த வைரஸ்களில் எத்தனை பிழைகள் பொது, எத்தனை தனி என்று ஒப்பிட்டால், அவற்றின் பொது மூதாதை எப்போது, எந்த வட்டாரத்தில் இருந்தது என்று கணிக்கலாம். 2021 டிசம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு பண்ணையில் பறவைகள் இறந்தன. அதற்கு முந்தைய மாதம் அதே பகுதியில் நோயுற்ற ஒரு கடற்காகத்திடமும் வைரஸ் இருந்தது. அதன் மரபு வரிசை வடமேற்கு ஐரோப்பாவில் 2021-இன் முற்பகுதியில் சுற்றிய வைரஸோடு நெருங்கிய உறவு காட்டியது. ஐஸ்லாந்து போன்ற வடஅட்லாண்டிக் தீவுகளில் ஐரோப்பியப் பறவைகளும் அமெரிக்கப் பறவைகளும் சந்திக்கின்றன என்பது வளையமிட்டவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டு சான்றுகளும் பொருந்தியபோது அட்லாண்டிக்கைத் தாண்டிய வழி புலப்பட்டது.

இதே கருவிகள் பறவைகளின் மீது விழுந்த வீண்பழியையும் துடைக்கின்றன. 2004-இல் தாய்லாந்திலிருந்து பயணப் பையில் கடத்திவரப்பட்ட இரண்டு கழுகுகள் பிரசல்ஸ் விமான நிலையத்தில் பிடிபட்டன; இரண்டுக்கும் எச்5என்1 இருந்தது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் புதிதாக நுழைந்த நாடுகளை ஒவ்வொன்றாக அலசியது. ஐரோப்பாவில் 23 நாடுகளில் 20-க்கு வலசைப் பறவைகளே காரணமாக இருக்கக்கூடும் என்றது. ஆசியாவில் கோழி வாணிபத்தின் பங்கே அதிகம் என்றது. லாரியும் கொண்டுவரும், பறவையும் கொண்டுவரும். எந்த இடத்தில் எது என்பதை ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும்.

பறவைகளே பலியாகும் காலம்

அட்லாண்டிக்கைத் தாண்டிய வைரஸ் 2022 நவம்பரில் பெருவை அடைந்தது. கூழைக்கடாக்கள் உட்பட லட்சத்துக்கும் மேற்பட்ட கடற்பறவைகள் இறந்தன; ஆயிரக்கணக்கில் கடற்சிங்கங்களும் மடிந்தன. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச்சீல்கள் அந்த ஆண்டு ஈன்ற குட்டிகளில் பெரும்பாலானவை, சுமார் 17,000, இறந்துபோயின. அதே ஆண்டு அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவின் பறவைத் தீவில் ஸ்குவா என்ற கடற்பறவைகளிடமும், 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிகா நிலப்பரப்பிலும் வைரஸ் உறுதியானது. வளர்ப்புக் கொட்டகையில் வீரியம் பெற்ற ஒரு வைரஸ், கோழிப்பண்ணையே இல்லாத கண்டத்தின் உயிர்களையும் கொல்கிறது. காட்டுப் பறவைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவர்கள் இந்த வரிசையை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2020 டிசம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் இறக்கத் தொடங்கின. ஜனவரி முதல் வாரத்துக்குள் 2,000-க்கும் மேற்பட்ட பறவைகள் பலியாயின. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் எச்5என்1 என்று உறுதிசெய்தது. அதே நாட்களில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளைக் கொன்ற வைரஸ் எச்5என்8. காய்ச்சலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வைரஸ்கள் வேறு. எல்லா மாநிலத்துக்கும் ஒரே கூட்டம் சுமந்துவந்தது என்று சொல்லிவிட முடியாததற்கு இது நல்ல உதாரணம்.

வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகின்றன. மத்திய ஆசிய வலசைத்தடத்தின் தென்கோடி நிலையங்களில் ஒன்று அது. ஆகவே இது நம் ஊர்க் கவலையும்தான். என்ன செய்யலாம் என்பதற்கான பதில், வைரஸ் எங்கே கைமாறுகிறது என்ற அறிவிலிருந்தே வருகிறது. கைமாறுவது நீரில், ஆபத்து முற்றுவது அந்த நீரை வளர்ப்புப் பறவையும் பகிரும்போது. குட்டநாட்டிலும் காவிரிப் பாசனப் பகுதியிலும் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டத்தை ஓட்டிச்செல்கிறார்கள். அதே வயல்களில்தான் வலசை வாத்துகளும் உள்ளான்களும் இரை தேடுகின்றன. ஏரிகளில் பறவைகள் இறக்கும் செய்தி வரும் நாட்களிலாவது அந்தக் கலப்பைத் தவிர்க்க வேண்டும். அதற்காக மேய்ச்சலை நிறுத்தும் குடும்பங்களுக்கும், வாத்துகளை இழப்பவர்களுக்கும் உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நோயை மறைக்கத்தான் தோன்றும். பண்ணைத் தொட்டிகளுக்குத் திறந்த குளத்து நீரை அப்படியே விடக் கூடாது. இறந்த காட்டுப் பறவையை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். நன்றாக வேகவைத்த முட்டையையும் இறைச்சியையும் அஞ்சாமல் உண்ணலாம்; வெப்பம் வைரஸை அழித்துவிடும்.

காட்டுப் பறவைகளைச் சுட்டுத் தள்ளுவதும் ஏரியிலிருந்து விரட்டுவதும் தீர்வாகாது. கலைந்த கூட்டம் வேறு நீர்நிலைகளுக்குச் சிதறும். தொற்றும் அதனோடு சிதறும். ஏரிகளைத் தூர்ப்பதும் அப்படியே. பத்து ஏரிகளில் பரவியிருந்த பறவைகள் இரண்டு ஏரிகளில் நெருங்க நேரும்; இரை போதாமல் வயல்களுக்கும் பண்ணைக் குட்டைகளுக்கும் வரும். வைரஸ் விரும்புவது அந்த நெருக்கத்தைத்தான். ஏரியைக் காப்பது பறவை ஆர்வலர்களின் விருப்பம் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறோம். கோழிப்பண்ணை நடத்துபவருக்கும், முட்டை வாங்குபவருக்கும், அடுத்த பெருந்தொற்றுக்கு அஞ்சுபவருக்கும் அது தங்கள் சொந்தப் பாதுகாப்பு. நோய்த்தடுப்புக்கான திட்டங்களில் தடுப்பூசிக்கும் ஆய்வகத்துக்கும் பக்கத்தில் ஏரிப் பாதுகாப்பும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.